மஞ்சள் பனியனில் நீண்ட ஓட்டம்

சிங்கப்பூர் போவதென்று வீட்டில் முடிவெடுத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. டிக்கெட் போட்ட பிறகு சொன்னார்கள். திரும்பி வந்த மூன்றாவது வாரம் எனக்குச் சென்னையில் ஓட்டப்பந்தயம், இருபத்தொரு கிலோமீட்டர். முந்தின வருஷம் அதில் பாதி தாண்டியதும் கால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். நீண்ட ஓட்டங்களைத் தவறவிட்டதன் பலன் அது. இந்தத் தடவை கடைசி நீண்ட ஓட்டம் பயணத்தின் நடுவில் வந்தது. அதை விட்டால் மறுபடியும் ரோட்டோரம்தான்.

திருப்பூரில் ஓடுவதே பெரிய பாடு. விடிகாலையில் பெருமாநல்லூர் ரோட்டில் ஓடினால் வேலையாட்களை ஏற்றிப் போகும் பனியன் கம்பெனி வேன்கள் பக்கத்தில் வந்து நிற்கும். வண்டி கெட்டுப்போச்சா, எங்கே இறக்கிவிடட்டும் என்று மரியாதையாகக் கேட்பார்கள். ஒரு பெண் சும்மா ஓடுவாள் என்று யாருக்கும் தோன்றாது. சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தேன். தொல்லையை நாங்களே கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

கூட்டத்தில் யாரும் தொலையக்கூடாதென்று எங்கள் கம்பெனியிலேயே எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட், எங்கள் ஊர்ப் பேச்சில் பனியன், தைத்திருந்தார் என் கணவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வேண்டாமென்று ஒதுக்கிய மஞ்சள் துணி. கெட்டிப் பருத்தி. அந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரச்சாக்கு மாதிரி உடம்பில் தொங்கியது. சாயங்காலம் ஓடலாமென்றால் மாமனார் துணிக்கடைக்குள் புகுந்துவிடுவார். தொங்குகிற பனியனையெல்லாம் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார், துணியை விரலில் தேய்ப்பார். அவர் வெளியே வரும்வரை குடும்பமே வாசலில் நிற்கும். காலையில் ஓடலாமென்றால் அவருக்கு உப்புமா. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஊரிலிருந்து ரவையும் கரண்ட் அடுப்பும் கொண்டுவந்திருந்தோம்.

ஒரு காலைதான் ஊர் சுற்றும் வேலை இல்லாமல் கிடைத்தது. உப்புமாவை நீங்கள் கிண்டுங்கள் என்று கணவரிடம் முதல்நாளே சொல்லியிருந்தேன். சரியென்றார். கடலோரப் பாதையில் இருட்டிலேயே ஓடத் தொடங்கினேன். கால் நன்றாக ஒத்துழைத்தது. பாதி தூரம் போய்த் திரும்பும்போது எதிரே டாக்சி நிறுத்துமிடத்தில் இரண்டு மஞ்சள் பனியன்கள். கணவரும் மாமியாரும்.

"மாமா இன்னும் சாப்புடலை கண்ணு. சக்கரை மாத்திரை போடோணும். ஓடறதுன்னா ஊருக்குப் போயி ஓடிக்கலாம்" என்றார் மாமியார்.

ரவை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம் கணவருக்கு. அத்தனை மெஷினை வைத்துக் கம்பெனி நடத்துகிறவர். ஹோட்டலில் ரொட்டி இருந்தது, பழம் இருந்தது. மாமனார் தொடமாட்டார். மாத்திரை என்றதும் டாக்சியில் ஏறினேன். போய்க் கிண்டிக் கொடுத்தேன். உப்பு பத்தவில்லை என்றார்.

அதற்குப் பிறகு ஓட நேரம் கிடைக்காமலே ஊர் திரும்பினோம். சென்னையில் விமானம் மாறி, கோவையில் இறங்கியபோது காலை நேரம். வேனில் வரும்போதே ஷூவை மாட்டிக்கொண்டேன். அவிநாசி வந்ததும் டிரைவரிடம் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அங்கிருந்து எங்கள் வீடு பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். விட்டுப்போன தூரத்தைவிட அதிகம்.

"இதென்ன கூத்து, எல்லாரும் பாக்கறாங்க" என்று மாமனார் கணவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

"ஊருக்கு வந்தாச்சுங்க அத்தை" என்று மாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

வெயில் ஏறிவிட்டது. மஞ்சள் பனியன் உப்புப் பூத்து விறைத்தது. வழக்கம்போல ஒரு கம்பெனி வேன் பக்கத்தில் வந்தது. "ஏனுங்க, வண்டி கெட்டுப்போச்சுங்களா? ஏறிக்குங்க." இல்லீங்க, நீங்க போங்க என்றேன். நம்பாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்தார்கள்.

கால் பிடிக்கவில்லை. வீடுவரை நிற்காமல் ஓடினேன். உள்ளே மாமனார் கை கழுவிக்கொண்டிருந்தார். மேசைமேல் கடை இட்லிப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது, சட்னிகூட மிச்சமில்லை. மாத்திரையும் போட்டாகிவிட்டதாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.