சகலை கூட்டிப்போன தீவு

மால்டாவை முதலில் கண்டுபிடித்தவன் நான். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இரும்புலியூர் ஃப்ளாட்டில், ஜிஎஸ்டி ரோட்டின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, யூடியூபில் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் அது கண்ணில் பட்டது. இத்தாலிக்குக் கீழே, கடலுக்கு நடுவில், நம் சென்னையைவிடச் சின்னதாக ஒரு நாடு. தேன் நிறத்தில் கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பச்சை, சிவப்பு என்று சாயம் பூசிய மரக்கூண்டு போல ஒரு பால்கனி. நண்பகலானால் கோட்டை மேலிருந்து பீரங்கி வெடிக்கிறார்கள். மீன் பிடிக்கும் படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, புளூ லகூன் என்று ஓர் இடம். படகு நிற்பது தண்ணீரிலா காற்றிலா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்த கடல். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. காய்கறி வாங்கப் போகும்போதுகூட அந்தத் தண்ணீர்தான் ஞாபகம். சாவதற்குள் ஒரு தடவை அதில் இறங்கிவிட வேண்டும் என்று இருந்தது. என் வாழ்க்கையில் நான் இப்படி எதற்கும் ஏங்கியவன் இல்லை.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பொங்கலுக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது மால்டா புராணத்தை எடுத்துவிட்டேன். சகலை என் பக்கத்து இலையில்தான் இருந்தார். வடையைப் பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். முடிச்சூரில் வெள்ளம் வந்துபோன பிறகு தரையை நன்றாக உயர்த்தி, பார்க்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி வீடு கட்டியிருக்கிறார். பார்க்கவும் நன்றாக இருப்பார், பழகவும் நல்ல மனுஷர். அதுதான் எனக்குத் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம். நான் மூத்த மாப்பிள்ளை, ஆனால் மாமியார் வீட்டில் குழம்பில் மிதக்கும் பெரிய துண்டு மீன் இன்றைக்கு வரை அவர் இலைக்குத்தான் போகிறது.

சித்திரை பிறந்த சமயம் அவரிடமிருந்து போன் வந்தது. "சகலை, ஒரு குரூப் டூர் பிடிச்சிருக்கேன். மால்டா. நாலு பேருக்கும் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் அலைய வேணாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. "சின்ன மாப்பிள்ளைக்குத்தான் இந்த மாதிரியெல்லாம் தோணும்" என்று மாமியார் சொன்னதாக என் மனைவி சந்தோஷமாக வந்து சொன்னாள். என் தீவு. நான் கண்டுபிடித்த தண்ணீர். இப்போது அங்கே போவதற்கு அவருக்குப் பின்னால் நான் வரிசையில் நிற்க வேண்டும். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா?

எங்கள் பக்கத்தில் விசாவுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் பாஸ்போர்ட்டை சாமி பாதத்தில் வைத்து எடுப்பார்கள். அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற வீடுகளைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்களுக்கு குன்றத்தூர் முருகன். விசா ஆபீஸில் கைரேகை வைக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் சகலையின் காரில் நாலு பேரும் போனோம். அன்று கிருத்திகை, படியெல்லாம் கூட்டம். சகலை நாலு பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக் கையில் வைத்திருந்தார். கண்ணாடி மாதிரிக் கவர். மேலே இருந்தது அவருடைய பாஸ்போர்ட். என்னுடையது எல்லாவற்றுக்கும் அடியில்.

அர்ச்சனைத் தட்டை நீட்டுகிற நேரத்தில்தான் அது என் கண்ணை உறுத்தியது. முருகனுக்குக்கூட நான் இவருக்கு அடியில்தான் தெரிய வேண்டுமா? கவரைத் திறந்து என்னுடையதை மட்டும் உருவினேன்.

"கவருக்குள்ளயே இருக்கட்டும் சகலை. தட்டு ஈரமா இருக்கு" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நானே திருப்பிப் போட்டிருப்பேன். அவர் சொன்ன பிறகு எப்படிப் போடுவது? "சாமிக்கு எதுக்கு பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைக்கும் பூவுக்கும் நடுவே என் பாஸ்போர்ட்டை நேராகத் தட்டில் வைத்தேன். தட்டு உள்ளே போனது. உடைத்த தேங்காய் இரண்டு மூடியும், திருநீறும் குங்குமமும், என் பாஸ்போர்ட்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன. முருகனே கையில் எடுத்துப் பார்த்துக் கொடுத்த மாதிரி எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை அப்படியே பிரசாதத்தோடு மஞ்சப்பையில் போட்டு, வீட்டுக்கு வந்து சாமி அலமாரி ஆணியில் மாட்டினேன். சகலை தன் கவரைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு போனதைப் பார்த்து, பக்தி இவ்வளவுதான் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

காலையில் பையைத் திறந்தால் தேங்காய்த் தண்ணீரில் ஊறிய அட்டை உப்பிப் போயிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்த பக்கமெல்லாம் குங்குமம் இறங்கியிருந்தது. என் மனைவி அயர்ன் பாக்ஸை எடுத்து வந்து, மேலே ஒரு துணியைப் போட்டுத் தேய்த்தாள். இன்னும் சிவப்பாகப் பரவியது.

விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு விரலால் பிடித்துப் புரட்டினாள். "சார், இது டேமேஜ் ஆகியிருக்கு. இதுல அப்ளை பண்ண முடியாது. புதுசு எடுத்துட்டு வாங்க." புதுசு வருவதற்குள் குரூப் கிளம்பிவிடும் என்று டூர்க்காரர் சொல்லிவிட்டார். பக்கத்துக் கவுண்டரில் சகலை கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "நாங்களும் வேணாம்னு சொல்லிடறோம் சகலை. நீங்க இல்லாம எப்படி?" என்றார். மனசாரத்தான் சொன்னார். "சொன்னேன்ல, கவர்லயே இருக்கட்டும்னு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனுஷன் அதையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "நீங்க வரலன்னா நானும் போகல" என்றாள் மனைவி.

"எனக்காக நீ ஏன் விடணும்? போய்ட்டு வா" என்றேன். எங்கள் வீட்டு வழக்கப்படி அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை மறுக்க வேண்டும். நான் இன்னும் இரண்டு மூன்று தடவை வற்புறுத்த வேண்டும். கடைசியில் அவள் போகாமல் இருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"சரிங்க" என்றாள். உடனே பெட்டியை இறக்க ஸ்டூல் தேடினாள்.

அவர்கள் போன பிறகு நான் தனியாக மெஸ் சாப்பாடும் போனுமாக உட்கார்ந்திருந்தேன். அங்கே பொழுது நமக்குப் பின்னால் ஓடுவதால், படங்கள் சாயங்காலத்துக்கு மேல்தான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். வாலெட்டாவின் சரிவுத் தெருவில் மூன்று பேரும். மரக்கூண்டுப் பால்கனிக்குக் கீழே மூன்று பேரும். கார் நுழையாத பழைய கோட்டை ஊரில், மதிலில் சாய்ந்து மூன்று பேரும். ஒவ்வொரு இடமும் எனக்கு வழி கேட்காமல் போகத் தெரிந்த இடம். பீரங்கி வெடித்ததைச் சகலை வீடியோவே எடுத்து அனுப்பியிருந்தார். அதில் காதைப் பொத்திக்கொண்டு மச்சினி, "மாமா, நீங்க சொன்ன பீரங்கி" என்று கத்துகிறாள். நான் சொன்ன பீரங்கி என்று ஒருத்திக்காவது ஞாபகம் இருந்ததே என்று கொஞ்சம் ஆறுதல். அதற்குக் கீழே மாமியார் "சூப்பர் மாப்பிள்ளை" என்று போட்டிருந்தார். எனக்கு இல்லை.

கண் எழுதிய படகுகளின் படத்தை அவர்கள் அனுப்பிய மறுநாள், எனக்கு என்ன வந்ததோ, தாம்பரத்தில் பஸ் ஏறி கோவளம் போனேன். நம் ஊரில் என்ன படகா இல்லை? நீலப் படகு ஒன்றில் கையை ஊன்றி, கடல் தெரிகிற மாதிரி என்னை நானே படம் பிடிக்க முயன்றேன். எப்படிப் பிடித்தாலும் என் மூக்குதான் பெரிதாக வந்தது.

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், அரை மணி நேரமா படகையே கட்டிப்புட்சிகினு கீற. மீனு வாங்குறியா, இல்ல நகருறியா?" என்றாள்.

சங்கரா வாங்கினேன். படத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். அதை அனுப்பினேன். ராத்திரி மனைவியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதோடு சரி.

மறுநாள் புளூ லகூன் வந்தது.

அந்தத் தண்ணீரில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கோவளத்தில் அலை கால்விரலைத் தொட்டாலே புடவையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறவள், சுடிதாரும் லைஃப் ஜாக்கெட்டுமாகக் கழுத்து வரை இறங்கி, தலையெல்லாம் நனைந்து, வாயைத் திறந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாது. என் எதிரில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. படத்தை எடுத்தவர் சகலை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் அவர் மேல் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது அவரை விட்டுவிட்டு அவள் மேல் திரும்பியது. நான் ஏங்கிய தண்ணீர் ஒரு தடவைகூட ஏங்காத இவளுக்குக் கிடைத்திருக்கிறது. போகட்டும், கிடைத்தவள் கொஞ்சம் வருத்தமாக நின்றிருக்கக் கூடாதா? போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அவர்கள் வந்து இறங்கிய காலையில் சகலைதான் மனைவியைக் காரில் கொண்டுவந்து விட்டார். ஒரு வாய் காபி குடித்தார். "ஒண்ணும் பிரமாதம் இல்ல சகலை. நம்ம மகாபலிபுரம் மாதிரிதான். ரெண்டு கோட்டை, நாலு பாறை. நீங்க மிஸ் பண்ணதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார்.

அவர் போனதும் மனைவி பெட்டியைத் திறந்துகொண்டே, "அவர் சொல்றது சரிதாங்க. சும்மா கல்லும் வெயிலும். நடந்து நடந்து கால் வலிதான் மிச்சம். நீங்க வராததே நல்லது" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பிளேனில் உட்கார்ந்து மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். பாவம், வீட்டில் தனியாக இருந்த மனுஷன், அவரிடம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டாம். இத்தனை வருஷத்தில் சகலை என்னைவிட நல்ல வீடு கட்டியிருக்கிறார், நல்ல கார் வாங்கியிருக்கிறார், என் தீவுக்கும் போய் வந்துவிட்டார். எல்லாவற்றையும் பொறாமைப்பட்டே தாண்டி வந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து பரிதாபப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டார். அதை என்னால் தாங்கவே முடியவில்லை. அதற்கு மேல், அந்தத் தண்ணீரை ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள். அது ஒன்றுமில்லை என்றால் இத்தனை நாள் நான் எதற்காக எரிந்தேன்?

"பொய் சொல்லாத" என்றேன். "தண்ணி எப்படி இருந்துது?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "வயித்தெரிச்சல் படுவீங்க."

"பட்டுக்கறேன். சொல்லு."

கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்றாள். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. படகிலிருந்து ஏணியில் இறங்கும்போது நடுங்கியதாம். தங்கை கையை நீட்டியும் பிடிக்காமல் தானே கையை விட்டாளாம். உப்பு அதிகமாம், ஆளைத் தூக்கிப் பிடிக்கிறதாம். கீழே பார்த்தால் தன் கால்விரல் மெட்டி பளிச்சென்று தெரிந்ததாம். அதைப் பார்த்ததும் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பு வந்ததாம். சொல்லும்போதே அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை வந்தது. இந்தத் தடவை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே திகுதிகுவென்று எரிந்தது.

"என்னை நினைச்சியா?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் பேசி வைத்ததை அவள் சுத்தமாக மறந்துவிட்டிருந்தாள். "கோட்டைக்கெல்லாம் போறப்ப நினைச்சேன். சாப்பிடறப்ப நினைச்சேன்" என்றாள். "தண்ணியில இருந்தப்ப உங்க ஞாபகமே வரலங்க."

"அப்புறம்?" என்றேன்.