கடலுக்கு முதுகு காட்டிய கூடம்

வர்த்தக சங்கத்துச் செயலாளர் வேலை என்பது, உறுப்பினர்கள் செய்த நல்லதை வருகிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது. அப்படி நான் சொல்லிவரும் ஒரு கதையில் எனக்கே பல வருடங்களாகச் சந்தேகம். கீழவைப்பாரில் எங்கள் சேம்பர் ஒரு மீன் ஏலக்கூடம் கட்டிக்கொடுத்தது. மீன்மேல் மணல் அடிக்கிறது, கடல் பக்கம் சுவர் வைத்துத் தாருங்கள் என்று ஊரே எழுந்து நின்று கேட்டதாம். நாங்கள் அப்படியே செய்தோமாம். இதை எனக்குச் சொன்னவர் மிராந்தா அண்ணாச்சி. கப்பல் ஏஜென்சி நடத்துகிறவர், எங்கள் வளர்ச்சிக் கமிட்டித் தலைவர்.

அந்தக் கரையில் மணலை வாரி அடிப்பது மேல்காற்று. அது ரோட்டுப் பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும். அந்த ரோட்டுப் பக்கம்தான் கூடம் திறந்து கிடக்கிறது. எங்கள் உறுப்பினர்கள் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி கட்டிப் பழகியவர்கள். கிட்டங்கி என்றால் லாரி வந்து நிற்க வாசல் ரோட்டைப் பார்க்கும். மற்ற மூன்று பக்கமும் சுவர். ஏலக்கூடமும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. ஆனால் அண்ணாச்சி பேசினால் சபை நம்புகிறது, நான் பேசினால் கடிகாரத்தைப் பார்க்கிறது. அந்தப் பொறாமைதான் எனக்குள் சந்தேகமாக வேஷம் போடுகிறதோ என்றும் யோசித்திருக்கிறேன். கமிட்டிகளில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

திறப்பு விழா

ரிப்பன் வெட்டியாயிற்று. கூடத்துக்குள் நாற்காலி போட்டு ஊரை உட்கார வைத்திருந்தோம். எங்கள் சேம்பர் தலைவர் பேச்சில் துறைமுகத்தைத் தாண்டி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். வெளியே யாரோ ஒரு பையன் சுவரைச் சுற்றி ஓடிவந்து கையைக் காட்டினான். பெண்கள் அத்தனை பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். சுவர் மறைத்ததால் வள்ளம் கரை தொட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மைக் முன்னால் தலைவரும், நாற்காலிகளில் எங்கள் ஆட்களும் மட்டும் மிஞ்சினோம். மீன் ஏலம் கூறுகிற ரோஸ்மேரி கடைசியாகப் போனார். போகிற போக்கில் மரியாதையாகவே சொன்னார்: "நீங்க பேசிக்கிட்டே இருங்க சார். ஏலத்த முடிச்சிட்டு வந்து கைதட்டுதோம்."

விருந்தாளிகள்

வெளியூர் சேம்பர்காரர்கள் எங்கள் பணிகளைப் பார்க்க வந்தார்கள். பார்க்க வேண்டியவை உண்டு. நாங்கள் போட்டுக்கொடுத்த ஐஸ் ஆலை ஒருநாளும் நின்றதில்லை. அதைத் தலைநிமிர்ந்து காட்டினேன். ஏலக்கூடத்துக்கு வந்தபோது சாயங்காலம். உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஏலச் சத்தம் பலமாகக் கேட்டது.

சுற்றிப் போய்ப் பார்த்தோம். சுவரின் நிழல் கடல் பக்கம் நீளமாக விழுந்திருக்க, அதில் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஊர் கேட்டு வாங்கிய சுவர் என்று நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். விருந்தாளிகள் போட்டோ எடுத்தார்கள். ரோஸ்மேரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "சுவரு நல்ல சுவருதான் சார், குறையே சொல்ல மாட்டோம். உள்ளதான் எங்களுக்கு ஒரு சோலியும் இல்ல."

கமிட்டி

அடுத்த கூடம் பெரியதாழையில் என்று முடிவானது. கீழவைப்பார் டிராயிங்கையே அனுப்பிவிடலாம் என்றார்கள். பெரியதாழைக்காரர்கள் பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்கிற கூடம் அது. சுவர் எழும்பிவிட்டால் இன்னொன்று கட்டித்தர யாரும் வரப்போவதில்லை. நான் எழுந்து, கடல் பக்கச் சுவரைப் பற்றி ஒரு தடவை யோசிக்கலாமே என்று ஆரம்பித்தேன்.

மிராந்தா அண்ணாச்சி கோபப்படவில்லை. "ஊரே எந்திச்சு நின்னு கேட்டுச்சுல்லா" என்று மறுபடியும் சொன்னார். உப்பளம் வைத்திருக்கும் ஒரு மூத்த உறுப்பினர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏன்வே, அவரு கடக்கரையில பொறந்தவரு. நீரு நாசரேத்து வாத்தியார் மகன். கடலப் பத்தி நாங்க யாரு சொல்லுதத கேக்கணும்?" நியாயமான கேள்வி. நாசரேத்தில் கடல் கிடையாது; எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

சுண்ணாம்புக் கோடு

பெரியதாழையில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். மறுநாள் தோண்ட வேண்டும். அண்ணாச்சியும் நானும் பார்க்கப் போனோம். கோடுகளுக்கு நடுவில் நின்று, வாசலில் லாரி எப்படித் திரும்பும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. பேச்சைப் பாதியில் விட்டார். நெற்றிக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நாலு எட்டு வைத்தார். ஏஜென்சி, கமிட்டி எல்லாம் அவர் முகத்திலிருந்து இறங்கிப்போயிருந்தது. கடல் பக்கக் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றார். "நல்ல மீன்பாடு போலுக்கு. வள்ளம் தாந்து வருது பாரும்" என்றார்.

ஊர் உண்மையிலேயே கேட்டதா என்பதுதான் நான் வருடக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி. அதைக் கேட்டால் கேட்டுச்சு என்பார்; அவரும் அதை நம்பியே சொல்வார். அதனால் அதை விட்டுவிட்டேன்.

பெரியதாழைக் கூடம் இன்று கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஒரு கமிட்டியே கைதூக்கி நிறைவேற்றிய சுவரை மிராந்தா அண்ணாச்சி தன் செருப்பு நுனியால் தேய்த்து அழிப்பதற்கு, நான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, நாளைக்கு இங்கன சுவர் வந்துட்டுன்னா, வள்ளம் வருதத நீங்க எங்கன நின்னு பாப்பீய?"