நிற்காத பந்தி

இன்று காலையில் மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவுக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்தது. குழாய் மாடிக்குப் போனது. மேலே மூன்று நான்கு பேர். கீழே ஒருவர் செல்போன் பார்த்துக்கொண்டு நின்றார். மதியத்துக்குள் தளம் முடிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. ஈரச் சிமெண்டு வாசனை மட்டும் பழையபடியே இருந்தது. அந்த வாசனை வந்தால் எனக்குச் சாம்பார் நினைவு வரும். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் சென்ட்ரிங் வேலைக்காரன். பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது. படிப்பு அதிகமில்லை. ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவன். எங்கள் சைட்டுக்கு நாகராஜ் சார் பிராஜெக்ட் மேனேஜர். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பிடித்துக்கொண்டவர். நாங்கள் போகும்போது அவர் ஸ்கூட்டர் ஏற்கெனவே நிற்கும். தளம் ஒன்று முடிந்தால் எங்களை லாரியில் ஏற்றி மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போவார். முன்சீட்டில் உட்காரமாட்டார். பின்னால் எங்களோடு நின்றுகொண்டே வருவார். வளைவில் வாந்தியும் எடுப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். தளம் போடும் நாளில் எல்லாரையும் நிறுத்தி, செங்கல் துண்டால் தரையில் கோடு போடுவார். மிக்சர் இங்கே. ஏணி இங்கே. யார் யாரிடம் சட்டியை வாங்கி யாரிடம் கொடுக்க வேண்டும். கடைசியில் ஒன்றே சொல்வார். "ஆரம்பிச்சா நிறுத்தக்கூடாது. நடுவுல நின்னா அங்கதான் ஒழுகும்."

என் தங்கை ரத்னாவின் கல்யாணம் மைசூரிலேயே, அக்ரஹாரம் பகுதியில் ஒரு சத்திரத்தில். அப்பா இல்லை. நான்தான் எல்லாம். மாப்பிள்ளை வீடு கொள்ளேகால். நல்ல பையன். அவன் பெரியப்பாவிடம்தான் பயம். நிச்சயத்தன்றே இலையில் கை வைத்துவிட்டு, "உப்பே காணமுங்களே. கல்யாணத்துக்காச்சும் சோறு போடுவீங்களா?" என்று கேட்டவர். சாப்பாட்டில் ஒரு குறை வந்தால் ரத்னா ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும்.

கல்யாணத்தன்று விடிகாலையில் சமையல்காரரின் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். சமையல்காரரின் அப்பா இறந்துவிட்டாராம். யாரும் வரமாட்டார்கள். அரிசி மூட்டையும் காய்கறியும் அப்படியே கிடந்தன. நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாகராஜ் சார் அங்கேயும் முதல் ஆளாக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பரிசுக் குடம். விஷயத்தைக் கேட்டார். குடத்தைக் கீழே வைத்தார்.

"பந்தி எப்போ?"

"முகூர்த்தம் முடிஞ்சதும் சார். பத்து, பத்தரை ஆவுங்க."

"ஆகும்ப்பா. டென்ஷன் பேடா, வேண்டாம். ஆளுங்கள எழுப்பு."

எங்கள் சைட் ஆட்கள் முந்தின நாளே வந்து சத்திரத்தில் படுத்திருந்தார்கள். சார் அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் கோடு போட்டார். கம்பி கட்டுகிறவர்கள் காய் நறுக்க. மண் சுமக்கும் பெண்கள் அரிசி களைய. சின்ன இன்ஜினியர்கள் தேங்காய் துருவ. ஷெட்டில் தினமும் எங்களுக்குப் பொங்கிப் போடும், மிக்சர் ஓட்டும் மாதேசன் அடுப்புக்கு. சார் தனக்கு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

"பாருங்கடா, இன்ஸ்பெக்‌ஷன் வந்தப்பக்கூட அழாத மனுசன்," என்றான் மாதேசன்.

"உன் சாம்பாரை நெனச்சு அழறேன் மாதேசா."

தாலி கட்டக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். காது மட்டும் அடுப்படியில்.

பந்தி நேரத்துக்குத் தொடங்கியது. அடுப்பிலிருந்து கூடம் வரை வரிசையாக ஆள். கை மாறிக் கை மாறி வாளி வந்தது. இலை காலியாவதற்குள் அடுத்தது விழுந்தது. அங்கேதான் தப்பு. எங்கள் ஆட்களுக்கு நிறுத்தத் தெரியாது. பெரியப்பா போதும் என்றார். சோறு விழுந்தது. இரண்டு கையையும் இலைமேல் விரித்தார். கைமேலேயே விழுந்தது. நல்ல சூடு.

ரத்னா மாலையோடு என்னைப் பார்த்தாள்.

பெரியப்பா கையை உதறினார். "ஏனப்பா, சோறு போடறீங்களா, தளம் போடறீங்களா?"

சார் வாளியோடு முன்னால் வந்தார். சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சுவாமி. நடுவுல நிறுத்தினா ஒழுகும்."

"யாரு இவரு?" என்று என்னைக் கேட்டார் பெரியப்பா.

"எங்க மேனேஜருங்க."

"மேனேஜரு வாளி தூக்கறாரா?" வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. "செரி, ரசத்த ஊத்துங்க. கையில வேண்டாம்." உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் முடிந்ததும் சார் மாற்றலாகிப் போனார். மாதேசன் கோயம்புத்தூரில் இருப்பதாகக் கொஞ்ச நாள் சொன்னார்கள். அப்புறம் அதையும் சொல்ல ஆளில்லை. சைட் வேலை அப்படித்தான்.

ரத்னா வீட்டுக்குப் போனால் ஆல்பத்தை எடுப்பாள். போய்ச்சேர்ந்த பெரியப்பா இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு ஜனம் மூன்று வரிசையாக நிற்கிறது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இல்லை. படம் எடுக்கும்போது எல்லாரும் அடுப்படியில். பந்திப் படம் ஒன்றில் மட்டும், ஓரத்தில் வாளி பிடித்த ஒரு கை.

"இது யாருண்ணா?" என்பாள்.

உற்றுப் பார்ப்பேன். நகமெல்லாம் சிமெண்டு அரித்திருக்கும். அப்போது எங்கள் எல்லாருக்கும் அதே கைதான்.