மேசைக்கு அடியில் ஒரு சோடாப் போத்தல்

என் அம்மா ஒரு தடவை மீன் தொட்டி காரணமாக வீட்டை விட்டே போகப் பார்த்தாள். சொன்னால் என் புருஷன்கூட நம்புவதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பதுளை டவுனில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தார். கையில் ஒரு திருப்புளி கிடைத்துவிட்டால் மனிதர் சும்மா இருக்கமாட்டார். எங்கள் வீட்டு ரேடியோ இரண்டு தடவை செத்துப் பிழைத்தது அவரால்தான்.

அந்த மாமா ஒருநாள் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மீன் மட்டுமல்ல, தண்ணீருக்குள் செடி நட்டு ஒரு தோட்டமே போடப்போவதாகச் சொன்னார்.

"சுத்தி இருக்கிற தோட்டம் பத்தாதாக்கும்," என்றாள் அம்மா. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்தவள் வேறென்ன சொல்வாள்?

செடிக்கு வெளிச்சம் வேண்டுமென்று மாமா ஒரு தகரத்தை வளைத்து, உள்ளே எல்.ஈ.டி. விளக்குப் பட்டியை ஒட்டித் தொட்டிக்கு மேலே மாட்டினார். வெளிச்சம் சிதறாமல் கீழே விழுவதற்கு, கிழிந்த தேயிலைப் பையின் உட்பக்கத்து வெள்ளித்தாளை அப்பா தொழிற்சாலையில் கேட்டு வாங்கிவந்து, சுருக்கம் விழாமல் தானே ஒட்டிக் கொடுத்தார். அந்த நாட்களில் அப்பா எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பார். குடியை விட்டு ஐந்து மாதமாகியிருந்தது. மாதா கோயிலில் சுவாமியார் முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் செய்திருந்தார். அம்மாவும் தன் பங்குக்கு ஒரு சத்தியம் செய்திருந்தாள். இன்னொரு தடவை அவர் குடித்தால், என்னைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

மாமா காலையிலிருந்து இரவு வரை விளக்கை எரியவிட்டார். பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. செடியோ நட்டபடியே நின்றது.

"வெளிச்சத்த மட்டும் குடுத்தா பத்தாது பாப்பா. நாம வெளிய விடுற காத்து இருக்கே, அதுதான் செடிக்குச் சாப்பாடு. அது வேணும்," என்றார்.

அந்தக் காற்றைச் சிலிண்டரில் வாங்க வசதி ஏது? மாமா ஒரு பெரிய சோடாப் போத்தலில் சீனியைக் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி ஈஸ்ட் போட்டார். மூடியில் ஓட்டை போட்டு, சேலைன் ஏற்றும் குழாயைச் சொருகி, பசை வைத்து அடைத்து, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டார். மறுநாள் பார்த்தால் குழாய் நுனியில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. போத்தலை மேசைக்கு அடியில் வைத்து, மேசைத் துணியை இழுத்துவிட்டு மறைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிறாத. சீனிய எடுத்தேன்னு தெரிஞ்சா என்னைய வெரட்டிப்புடும்."

நான் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சத்தியம் ஆயிற்று.

விளக்கு இனி மாலையில் மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கைப் போட்டுக் குழாயைத் தண்ணீருக்குள் விடுவதும், எட்டு மணிக்கு விளக்கை அணைத்துக் குழாயை வெளியே எடுப்பதும் என் வேலை. இருட்டில் செடி அந்தக் காற்றை எடுக்காதாம். எடுக்க மறந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு வாரத்தில் இலை நுனியெல்லாம் பொடிப் பொடிக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! அப்பாவுக்குக் காட்ட ஓடினேன். முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறவர், இப்போது கோப்பையோடு வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்திக்குப் போய்விடுவார். கூப்பிட்டால், வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "நல்லாருக்கும்மா," என்பார். என் மீன்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குக் கோபம்.

அம்மாவின் கணக்கு வேறு. டப்பாவில் சீனி குறைகிறது. போத்தல் மூடி கொஞ்சம் கசிந்ததால் முன்னறையில் புளித்த வாடை. புருஷனோ வீட்டுக்குள் தங்காமல் பின்பக்கம் போய் உட்காருகிறார். சீனி காணாமல் போய்ப் புளித்த வாடையும் அடித்தால் அது கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுவதுதான் என்று எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பிய கையோடு, அம்மா சீனி டப்பாவை அப்பாவின் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"எங்க காய்ச்சிறீங்க? யாரோட சேந்து?"

"நான் தொடல புள்ள," என்றார் அப்பா. அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்த காலத்திலும் இதையேதான் சொல்வார்.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். என் சட்டைகளை மடிக்காமலே அள்ளிப் போட்டாள். மாமாவோ புதுச் செடி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நான் சொன்னால் அம்மா மாமாவை விரட்டிவிடுவாள், சொல்லாவிட்டால் அப்பாவை விட்டுப் போகவேண்டும். அம்மா பையின் வாயைக் கட்டியபோது நான் மேசைக்கு அடியில் புகுந்து, போத்தலைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தேன். இழுத்த வேகத்தில் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளே இருந்ததில் பாதி, அப்பாவின் வெள்ளைக் கோயில் சட்டையில்!

அம்மா போத்தலை முகர்ந்தாள். குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே தொட்டி வரைக்கும் போனாள்.

"அடப்பாவி! செடிக்கா கசிப்பு ஊத்துறான் இவன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அப்பா சிரிக்கவில்லை. நேராக மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய் அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கடியில் சட்டையோடு நின்றார். மூன்று தடவை சவர்க்காரம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா துவாயோடு போனாள். லயமே பார்க்க, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

மாலையில் வந்த மாமாவுக்கு அம்மாவிடம் செமத்தியாகக் கிடைத்தது.

"சீனி போனா போவுது. யாரு இருக்கிற வீட்டுல இத கொண்டாந்து வைக்கிறோம்னு யோசிச்சியாடா?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. அப்பாதான் வாசலில் நின்றபடி, "இருக்கட்டும் மாப்ள. புள்ள ஆசையாப் பாக்குது. நான் வெளிய ஒக்காந்துக்குவேன்," என்றார். மாமா கேட்கவில்லை. போத்தலில் இருந்த மிச்சத்தைச் சாக்கடைக் கானில் ஊற்றினார். பாசி பிடிக்காமலிருக்க விளக்கு நேரத்தையும் பாதியாக்கினார். இலைகளில் குமிழ் நின்றுபோயிற்று. எல்லாம் அப்பாவால்தான் என்று நான் ஒரு வாரம் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தானே ஊற்றிக் குடித்துக்கொண்டு, மறுபடி தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இப்போது மட்டும் பிடிக்குதாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது பதுளையில் என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது, இரும்புச் சிலிண்டரோடு. போன மாதம் அப்பா முதல்முதலாக அதைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றார். குமிழ்களைப் பார்த்தார்.

"இதுல அந்த வாசம் வராதாம்மா?"

"வராதுப்பா."

கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு அந்தப் போத்தல் இருந்த ரெண்டு மூணு வாரமும் ரொம்பக் கஷ்டமாப் போச்சு," என்றார், மீன்களைப் பார்த்தபடியே. குசினிக்குப் போய், அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.