சவரியம்மாள் வாங்கி வைத்த வெள்ளைப் பெட்டி

"இருப்பா, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை உருவுகிறாள் சவரியம்மாள். பெட்டியின் நீளம், அகலம், உயரம். நாலு மூலையையும் அமுக்கிப் பார்த்து, காதோரம் வைத்து ஒரு குலுக்கு. எல்லாம் நோட்டில் ஏறிய பிறகுதான் கொரியர்காரர் நீட்டும் செல்போனில் விரலை வைப்பாள்.

சிதம்பரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் அவளுடைய தையல் கடை. மேலே ஒன்பது வீடு. பகலில் ஒன்பதும் பூட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால்தான் பார்சல் இறங்கும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து இவள் கையெழுத்து.

"ஒரு கோடு இழுங்கக்கா, போதும்" என்பார்கள்.

"கோடு இழுக்க நான் இன்னா துணியா வெட்டுறேன்?" என்பாள். முழுப்பெயரையும் கண்ணாடி மேல் வழுக்கி வழுக்கி எழுதி முடிப்பாள். வாங்குபவர் என்ன உறவு என்றும் அந்தப் போன் கேட்கும். ஒருமுறை கொரியர்காரன் அருண்குமார் அதில் 'செக்யூரிட்டி' என்று அழுத்திவிட்டான். "நான் வாட்ச்மேனா?" என்று இரண்டு நாள் அவனோடு பேச்சில்லை.

இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. அவள் வாங்கி வைத்த ஒரு செல்போன் பெட்டியைப் பிரித்தால் உள்ளே சோப்புக்கட்டி இருந்தது. பார்சலுக்குரிய வீட்டுக்காரம்மா ஒரு வாரம் படியிறங்கும்போதெல்லாம் இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தாலும் தேவலை.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடி அன்பரசுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. கையெழுத்து முடிந்து போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகு அருண்குமார் சொன்னான்: "உள்ளாற ஊசி மருந்துக்கா. சில்லுன்னே இருக்கணும். ஃப்ரீசர்ல வச்சிடாதீங்க, கெட்டுப்பூடும்."

"அடப்பாவி! இத மொதல்லயே சொல்றதில்ல?"

அதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்பரசுவின் ஏழு வயது மகளுக்கு மாதம் ஓர் ஊசி என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பாவாடை தைப்பவளே அவள்தான். அன்றைக்குச் சாயங்காலம் போட்டாக வேண்டும். அன்பரசுவுக்கோ கடலூர் பக்கம் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எட்டு முறை அடித்துப் பார்த்தாள். சித்திரை வெயிலில் தையல் மெஷின்கூடச் சுட்டது.

எதிர்ப் பெட்டிக்கடை தட்சிணாமூர்த்தியைப் பிடித்து, கலர் பாட்டில் ஃப்ரிட்ஜில் நடுத்தட்டைக் காலி செய்ய வைத்து, பெட்டியை உள்ளே வைத்தாள். ஸ்டூலையும் அங்கேயே போட்டுக்கொண்டு ரவிக்கைக்கு ஹூக் கட்ட உட்கார்ந்தாள். யார் வந்து சோடா கேட்டாலும் கைவேலையை விட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

"சும்மா சும்மா தொறக்காதண்ணே."

"யம்மா, நான் யாவாரம் பாக்க வாணாமா?"

"புள்ள மருந்துண்ணே. கையெழுத்து போட்டவ நானு."

ஒன்றரைக்குக் கரண்ட் போனது. ஃப்ரிட்ஜின் இரைச்சலும் நின்றது. கதவை யாரும் திறக்க முடியாதபடி முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். "மாதாவே, மாதாவே" என்று உதடு மட்டும் அசைந்தது. தட்சிணாமூர்த்தி இரண்டு கோணிப்பையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் போர்த்தினார். கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது.

வேலை முடிந்து போனைப் பார்த்த அன்பரசு, அவளிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நாலரைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமாக வந்து சேர்ந்தான். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. சூடு ஏறினால் சிவந்துவிடும் வட்டம் ஒன்று பெட்டி மேல் ஒட்டியிருந்தது. அதைக் குனிந்து பார்த்தான். வெள்ளையாகவே இருந்தது.

"சிவக்கலக்கா. நல்லாத்தான் இருக்கு" என்று கையை நீட்டினான்.

சவரியம்மாள் பெட்டியைக் கொடுக்கவில்லை. நோட்டை நீட்டினாள். முழுப்பெயர், தேதி, மணி. இது இல்லாமல் யாருக்கும் அவள் எதையும் கொடுத்ததில்லை. அன்பரசு பேனாவை வாங்கினான். வியர்வையில் பேனா வழுக்கி எழுத்தே வரவில்லை, தாளில் ஒரு கோடுதான் விழுந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"போதும், ஓடு" என்று நோட்டை மூடினாள் சவரியம்மாள்.