உறவுக்காரிக்கு வேலை என்று வந்த செய்தி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. சாத்தான்குளத்துக்காரியான எனக்கு அங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்ற தகவலைச் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் டிரங்க் கால்களில் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி அந்த வேலையைப் புதிதாக ஏற்படுத்தியிருந்தது. குமாஸ்தாக்களைவிடச் சம்பளம் சற்றுக் கூடுதல். ஏற்கெனவே திருநெல்வேலியில் தற்காலிக ஆபரேட்டராக இருந்த அனுபவத்தால் தேர்வில் தேறி வந்திருந்தேன். அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலை நான் உள்ளே நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். என் மேஜைமேல் முந்தைய நாள் மாலைப் பத்திரிகை விரித்துப் போடப்பட்டிருந்தது. ‘உழைத்தவருக்கு நாமம்; உறவுக்காரிக்கு வேலை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எங்கள் கம்பெனியில் வெகுகாலம் உழைத்த மூத்த குமாஸ்தா ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய பதவியை, மேலாளர் தன் உறவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். குமாஸ்தாவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. ஆனால் அந்த ஆபீசில் இருந்த ஒரே பெண் நான்தான்.

மேலாளருக்கும் சாத்தான்குளம் பக்கம்தான் ஊர். அதைத் தவிர எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தக் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் வரை பேச்சுப் போனதும், விஷயம் தெளிவாகும்வரை நான் வீட்டில் இருக்கட்டும் என்று முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது.

வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். யார் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பவர் மேல்கூடச் சந்தேகம் வந்தது. ஆனால் சுற்றிச் சுற்றி மனம் அந்தக் குமாஸ்தாவிடமே வந்து நின்றது. நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வணக்கம் சொன்னால் பாதி நாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். பதவி போன எரிச்சலில் அவர்தான் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

ஊரிலிருந்து அப்பா பஸ் ஏறி வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். எதையும் தீர விசாரிக்காமல் நம்ப மாட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், “ஒங்க அம்ம வழியில அந்த மேலாளரு நமக்குச் சொந்தமா இருக்குமோன்னு வார வழியெல்லாம் யோசிச்சிட்டே வந்தேன்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அச்சில் வந்த ஒரு பொய், பெற்ற அப்பாவையே இப்படி யோசிக்க வைத்துவிட்டதே.

இருவருமாக அந்தப் பத்திரிகையின் நிருபரைத் தேடிப் போனோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் ஒரு மூலையில் அவருக்கு மேஜை இருந்தது. அப்பா நியாயம் கேட்டதும் அவர் பத்திரிகையை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார். “இதுல ஒங்க மக பேரு எங்கன இருக்கு, காட்டுங்க” என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். செய்தியில் பெயர் வந்திருக்கும் ஆளே வந்து மறுத்தால் போடலாம், மற்றவர்கள் சொல்வதையெல்லாம் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, செய்தியைக் கிளப்பியவர் என்று யாரைச் சந்தேகித்தேனோ, அவர் வாய் திறந்தால்தான் எனக்கு வழி. போய்க் கேட்க மாட்டேன் என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அந்தக் குமாஸ்தாவே அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். வாங்க என்று அப்பா கூப்பிட்டது அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. தெருவைப் பார்த்தபடி நின்றார். “ஆளப் பாரு, என்ன ராங்கி” என்று அப்பா முணுமுணுத்தார். நான் எதிரே போய் நின்ற பிறகுதான் பேசினார். “தங்கச்சி, என்னையக் கேக்காம எம்பேரப் போட்டிருக்கான். வாங்க, பேப்பர்காரங்கிட்ட போயிட்டு வருவோம்.”

இதில் என்ன சூழ்ச்சியோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அங்கே அழைத்துப் போய் அவமானப்படுத்தப் போகிறாரா? அப்பா தானும் கூட வருவதாகச் சொன்ன பிறகே கிளம்பினேன்.

அச்சகத்தில் குமாஸ்தா, தான் அந்த வேலைக்கு மனுவே போடவில்லை என்றார். நிருபர் நம்பவில்லை. கூடுதல் சம்பள வேலையை எவனாவது வேண்டாம் என்பானா, மேலாளர் மிரட்டினாரா, இந்த வாத்தியார் ஏதாவது கொடுத்தாரா என்று குடைந்தார். குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு எடது காது கேக்காது அண்ணாச்சி. முத்துக்குளிக்கப் போன காலத்துல கடலுக்குள்ளயே போயிட்டு. வலதும் பாதிதான். என்னையப் போன்ல உக்கார வச்சா, எந்தக் கப்பலு எப்ப வருதுன்னு யாருக்குத் தெரியும்?”

நிருபர் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். குமாஸ்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினார். தன்னைச் சோதித்திருக்கிறார்கள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. “மனு போடலன்னு மட்டும் எழுதுங்க. காது சமாச்சாரம் வேண்டாம். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிரும்” என்றார்.

நிருபர் பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்னைப் பயமுறுத்தியது. ‘காது கேளாத குமாஸ்தா’ என்று இன்னொரு தலைப்புக்கு அது போதுமே. அடுத்த சில நாட்கள் மாலைப் பத்திரிகை வரும்போதெல்லாம் ஒரு வரி விடாமல் தேடினேன்.

கடைசியில் உப்பு விலை நிலவரத்துக்குக் கீழே, தேடினால்தான் கண்ணில் படும்படி நாலு வரி வந்தது. குமாஸ்தா அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அவரே தெரிவித்தார், உறவு என்று வெளியான தகவலும் சரியல்ல என்று இருந்தது. காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த நிருபர் மேல் எனக்கு வந்த ஒரே நல்லெண்ணம் அதுதான். யார் அவரிடம் பொய் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலைக்குத் திரும்பினேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. என் மேல் இருந்த சந்தேகம் அப்படியே அவர் மேல் போய் விழுந்தது. மேலாளர் அவரை விலைக்கு வாங்கிவிட்டார் என்றார்கள். சங்கத்துக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா என்று ஒருமுறை அவரது வலது பக்கம் போய் நின்று கேட்டேன். “வேண்டாம் தங்கச்சி. மூணு பிள்ளைக படிக்குது” என்றார்.

வெகுகாலம் கழித்து, ஓய்வு பெற்ற நாளில் எல்லோர் முன்னிலையிலும் அவரே காதைப் பற்றிச் சொன்னார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அன்று பலர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவரோ அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

என்னைப் பற்றிய பொய்யை மறுக்க எனக்காக ஒருவர் வந்தார். அவரைப் பற்றிய பொய்யை மறுக்க ஒருவரும் வரவில்லை, உண்மை தெரிந்த நானும் அத்தனை வருடம் வாய் திறக்க முடியவில்லை என்பது இன்றைக்கும் என் மனதை அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.