கடைவாயில் முளைத்த பல்

அன்று கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் இருந்தது அக்கா, அவளுடைய எட்டு வயது மகள், நான். குழந்தையின் அப்பா வரவில்லை. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். எங்கள் அம்மாவும் வரவில்லை. பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாது என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

வலி தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தோம். கன்னம் வீங்கிய முதல் நாள் அவள் அப்பா, "இன்னாடி, யாருக்கும் குடுக்காம லட்ட வாய்ல அடக்கிக்கினு இருக்க?" என்று சீண்டினார். அவளும் சிரித்தாள். சிரித்ததில் வலித்து அழுதாள்.

டாக்டரம்மா வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா ஏம்மா காட்டல?"

"பால் பல்லுதானேங்க. எப்டியும் வுழுந்து மொளைக்கும்னு வுட்டுட்டோங்க" என்றாள் அக்கா.

"இது பால் பல்லு இல்லம்மா. ஆறு வயசுல கடைவாய்ல புதுசா வர்ற பல்லு. எதுவும் விழாம பின்னாடி வர்றதால எல்லாரும் பால் பல்லுன்னே நெனச்சிக்கிறாங்க. இது போனா வேற மொளைக்காது. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காட்டியிருந்தா, சொத்தை சின்னதா இருக்கும்போதே அடைச்சிருக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "காலேஜெல்லாம் படிச்சியேடா, உனக்குமா தெரியல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

வேர்வரை சீழ் பிடித்திருந்தது. எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். ஊசி உள்ளே போனபோது குழந்தை என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பஞ்சைக் கடித்தபடியே கேட்டாள்: "பல்ல வாங்கினியா மாமா?"

வாங்கியிருந்தேன். வீட்டுக்குப் போனதும், விழுந்த பால் பல்லுக்குச் செய்வதுபோலவே அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

"எம்மா, எப்ப மொளைக்கும்?"

அக்கா அவள் வாயோரத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். "மொளைக்கும். போய் படு."

சொத்தையை அடைத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் காசே வாங்கியிருக்க மாட்டார்கள். பல்லை எடுத்ததற்கும் வாங்கவில்லை. வீக்கத்துக்கு முன்பே வெளியில் தனியார் கிளினிக்கில் போட்ட ஊசி, மாத்திரை, அக்கா வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் சேர்த்து அவர்களுக்கு ஆனது இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.